மைக்ரோசாஃப்டின் நிரலெழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவில் எஸ்டிஎல் (SDL) நூலகத்தை அமைப்பதில் ஏன் இத்தனை படிகள்?

எஸ்டிஎல் என்பது படம், ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைக் கையாள சி மொழியில் எழுதப்பட்ட நூலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. சாம் லாண்டிங்கா 1998இல் வெளியிட்டார். அது மூன்று வெவ்வேறு கட்டங்களில் தேவைப்படுவதால்தான் இத்தனை படிகள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான், நூலகத்தில் என்னென்ன உண்டு என்று சொல்லும் தலைப்புக் கோப்புகளைத் (.h) தேடும். மாற்றியவற்றை ஒன்றாக்கி, ஓடக்கூடிய இஎக்ஸ்இ (.exe) கோப்பாக்கும் இணைப்பான் லிப் (.lib) கோப்பைத் தேடும். நிரல் ஓடத் தொடங்கும்போது விண்டோஸ், நூலகத்தின் நிரல் அடங்கிய டிஎல்எல் (.dll) கோப்பைத் தேடும். தலைப்புக் கோப்பு புத்தகப் பட்டியல் என்றால், லிப் அலமாரி எண், டிஎல்எல்தான் புத்தகம். முதலிரண்டும் சரியாக இருந்தும் புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் எதைப் படிப்பது?

லிப், டிஎல்எல் இரண்டும் உங்கள் திட்டத்தைப் போலவே 32 பிட் அல்லது 64 பிட்டாக இருக்க வேண்டும். பலரை மணிக்கணக்கில் வாட்டுவது இதுதான். முதலில் இதைச் சரிபாருங்கள்.

‘டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்ற செய்தி வந்ததும் பலர் நிரலைத் திருத்தத் தொடங்குகிறார்கள். அது நிரல் பிழையன்று, அந்தக் கோப்பை இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையில் நகலெடுத்து வைத்தால் போதும்.