குரல் ஏன் குடத்துக்குள் ஒலிக்கிறது? வீட்டு ஒலிப்பதிவு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஸ்டூடியோ வகை) வாங்கியாயிற்று, குரல் மட்டும் நன்றாக வரவில்லை. பதிலுக்குப் போகும் முன் வழக்கமான வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டு ஒப்பிடுங்கள். மைக்கின் இடம், கெயின் (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு), ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) மூன்றையும் ஒன்றாகத் திருகினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: புது மைக்கில் குரல் மந்தமாக, அடுத்த அறையிலிருந்து வருவது போல் கேட்கிறது. கெயினை முழுக்க வைத்தும் பயனில்லை. (திருநெல்வேலி)

மைக்கைத் திருப்பிப் பாருங்கள். பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) கொண்ட கண்டென்சர்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை. மேடை மைக் மாதிரி உச்சியில் வாயை வைத்தாலும், பின்பக்கம் பாடினாலும் இப்படித்தான் வரும். நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கம் வழக்கமாக முன்பக்கம். ரோட் (Rode) நிறுவன மைக்குகளில் சின்னத் தங்கப் புள்ளி இருக்கும். திருப்புவதற்கு முன் கெயினைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். மந்திர (கீழ்) ஸ்தாயியில் குரல் கனத்து மூடிக்கொள்கிறது, மேல் ஷட்ஜத்துக்குப் போனால் கிழிகிறது. மைக் பழுதா? (கும்பகோணம்)

பழுதில்லை, இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கார்டியாய்டு மைக்கை, அதாவது முன்பக்கம் வரும் ஒலியை மட்டும் நன்றாகக் கேட்கும் மைக்கை, நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் தடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குக் குறையாமல், 20 முதல் 25 செ.மீ. விட்டுப் பாடுங்கள். 80 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதற்குக் கீழான ஒலிகளை வெட்டும் வசதி) இருந்தால் போட்டுவிடலாம், உங்கள் குரலில் அதற்குக் கீழே பெரும்பாலும் எதுவும் இருக்காது.

கிழிவது கெயினால். ஆலாபனையை மெதுவாக ஆரம்பித்து அந்த அளவுக்குக் கெயின் வைத்திருப்பீர்கள். பாட்டில் எந்த இடத்தில் குரல் உச்சமாக வருகிறதோ அதைப் பாடிக் கெயின் வையுங்கள். உச்சம் மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட் தரத்தில் பதிவு செய்தால் மெல்லிய இடங்கள் வீணாகாது, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். கிழிந்த பதிவை அப்படிச் சீராக்க முடியாது.

கேள்வி: பதிவில் என் குரல் மெலிந்து, வேறு யாரோ பேசுவது போல் இருக்கிறது. எந்த ஈக்யூ போடலாம்? (சேலம்)

எதுவும் வேண்டாம். பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்கு வருகிறது. அந்த வழி கீழ் ஒலிகளைக் கூட்டிக் கொடுக்கும். பதிவில் இருப்பதுதான் மற்றவர்கள் தினமும் கேட்கும் உங்கள் குரல். வீட்டில் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாய்ஸ் சரியாக வரவில்லை. என்ன செட்டிங்? அவசரம்.

என்ன மைக், எந்த அறை, எவ்வளவு தூரம், பாட்டா பேச்சா, சரியில்லை என்றால் எப்படிச் சரியில்லை? ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? எல்லோருக்கும் பொருந்தும் செட்டிங் என்று ஒன்று கிடையாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூவாயிரம் ரூபாய்க்குக் கறுப்பு ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். அப்படியும் கதை சொல்லும்போது குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. விலை கூடிய மைக் வாங்கட்டுமா? (கோவை)

வாங்காதீர்கள். மாதாமாதம் இந்தக் கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. மேசை, சுவர், ஃபோம் என்று ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கரைக்கிறார்கள்.

குடம் போல ஒலிக்க வைப்பது ஏறத்தாழ 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. 300 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேலே. அதை ஒரு அங்குல ஃபோம் என்ன செய்யும்? ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது உருப்படியாக உறிஞ்சும். அதாவது குரலின் பளிச்சென்ற பகுதியை விழுங்கிவிட்டு, கெடுக்கிற பகுதியை அப்படியே விட்டுவிடும். கை தட்டிப் பார்த்தால் எதிரொலி போய்விட்டது போலத் தெரியும், அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். முட்டை அட்டை இன்னும் மோசம், அது வெறும் காகிதம்.

கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர் என்று இருக்கிற நம் வீடுகளுக்குக் கனமும் தடிமனும் வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட நல்ல பொருள் கிடையாது. எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இன்னொன்று கிடைத்தால் பக்கவாட்டில். தரையில் தடித்த விரிப்பு. அறையின் மூலையிலும் நட்ட நடுவிலும் உட்கார வேண்டாம், சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீயைத் தாங்கும் என்ற உறுதி இல்லாத மலிவு ஃபோம் பற்றினால் நிமிடங்களில் அறையே போய்விடும், புகையும் விஷம். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவர் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். விளக்கு, ஊதுபத்தி ஏற்றும் அறையில் அதை ஒட்டியிருந்தால் இன்றே பிரித்தெடுங்கள்.

விலை கூடிய மைக் உங்கள் அறையை இன்னும் துல்லியமாகக் கேட்கும். முதலில் மெத்தையை நிறுத்தி ஒரு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. அதைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் என்ற மென்பொருளைப் போட்டால் நாக்குத் தடித்தவர் பேசுவது போல் ஆகிறது. (மதுரை)

டீ-எஸ்ஸர் கடைசி மருந்து. இந்தச் சீறல் பெரும்பாலும் 5000 முதல் 8000 ஹெர்ட்ஸில் இருக்கும், மலிவு கண்டென்சர்கள் பலவும் அதே பகுதியைத் தூக்கிக் காட்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், மூக்கு உயரத்துக்கு ஏற்றிச் சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள், அல்லது 20, 30 டிகிரி பக்கவாட்டில் திருப்புங்கள். 'ப' வரும்போது தட்டும் காற்றும் இதிலேயே குறையும். பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் வைக்கும் வலை) சீறலைக் குறைக்காது, அதன் வேலை காற்றைத் தடுப்பது மட்டும். ஒன்றை மட்டும் மாற்றி, கேட்டு, பிறகு அடுத்தது.

கேள்வி: ஃபேன் இல்லாமல் உட்கார முடியவில்லை. அந்த இரைச்சலை மென்பொருளில் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், குரலின் உயிரும் கொஞ்சம் சேர்ந்து போகும். ஃபேனை அணைத்துவிட்டுப் பத்துப் பத்து நிமிடமாகப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மைக் பட்பட்டென்று பொரிகிறது, வெயில் காலத்தில் இல்லை. (நாகப்பட்டினம்)

ஈரம். காப்ஸ்யூலில் (மைக்குக்குள் ஒலியைப் பிடிக்கும் பகுதி) ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து இந்தச் சத்தம் வரும். கடலோரத்தில் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஊதாதீர்கள், ஹேர் டிரையரும் காட்டாதீர்கள். கழற்றும் முன் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை அணைத்து, சில நொடிகள் கழித்துக் கேபிளை உருவுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தையும் முதலில் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: நேற்றுப் பாடிய பல்லவியும் இன்று பாடிய சரணமும் இரண்டு பேர் பாடியது போல் இருக்கிறது. செட்டிங் எதையும் தொடவில்லை. (யாழ்ப்பாணம்)

நீங்கள் தொடவில்லை, நின்ற இடம் மாறியிருக்கிறது. நான்கு விரற்கடை நகர்ந்தாலே குரலின் கனம் மாறிவிடும். கால் வைக்கும் இடத்திலும் ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் தரையில் டேப் ஒட்டுங்கள். மைக்கின் உயரத்தையும் கெயின் குமிழின் நிலையையும் போனில் படம் பிடித்து வையுங்கள். காலைக் குரலும் இரவுக் குரலும் ஒன்றல்ல என்பதால், ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுவது நல்லது. ஏற்கெனவே பதிவானதை ஈக்யூ போட்டு ஒட்டவைக்க முயல வேண்டாம், சரணத்தை மறுபடி பாடிவிடுங்கள்.