முக்கோணம் அல்லாத மலை

கேள்வி: கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நிலத்தோற்றங்களைக் கழிவுப் பொருள்களால் செய்து காட்டவேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டதால், தெர்மாகோலை மலை வடிவில் வெட்டிப் பச்சை வண்ணம் பூசி, நடுவே நீல நிறத்தில் ஓர் ஆற்றையும் வரைந்து வைத்தோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால், "இதில் எங்கள் வீடு எங்கே, மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதிகச் செலவில்லாமல் இதை எப்படிச் சரியாகச் செய்வது?
— ஓர் ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, அந்தக் குழந்தையின் கேள்வியிலேயே உங்கள் பாடத் திட்டம் முழுவதும் இருக்கிறது. மலையை முக்கோணமாக வரைவது சமவெளியில் நின்று தொலைவிலிருந்து பார்ப்பவர்களின் பழக்கம். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைக்கு நீலகிரி எதிரே எழுந்து நிற்கும் சுவர். உங்கள் வகுப்புப் பிள்ளைக்கோ அது காலுக்கடியில் இருக்கும் தரை. வீட்டுக்கு இறங்கும் படிகளும், பள்ளிக்கு ஏறும் பாதையும், எதிர்ச்சரிவில் தெரியும் தேயிலைத் தோட்டமுமே அதற்கு மலை. ஆகவே, முதல் நாள் எந்தப் பொருளையும் கையில் எடுக்க வேண்டாம். குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று, குழாயடியில் சிந்தும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வயதுக்கு மேடு, பள்ளம், சரிவு, முகடு, சமவெளி ஆகிய ஐந்து சொற்கள் போதும். ஆறாவதாகப் பீடபூமியைச் சேர்த்துக்கொள்ளலாம். கோயிலில் சுவாமி வீற்றிருக்கும் பீடத்தைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். அதைப்போல உயர்ந்து, மேலே பரந்திருக்கும் நிலம் என்றால் உடனே புரியும். படுகர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் தொட்டபெட்டா என்ற பெயருக்குப் பொருள் கேளுங்கள். 'பெரிய மலை' என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தீவு, தீபகற்பம் ஆகியவற்றை மேல் வகுப்புகளுக்கு விட்டுவிடுங்கள்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பீடபூமிக்கு ஓர் அட்டைப்பெட்டியும், முட்டை அடுக்கி வரும் அட்டைத் தட்டு ஒன்றும் போதும். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தட்டை வையுங்கள். பெட்டியின் செங்குத்தான பக்கங்கள், குன்னூருக்குக் கீழே பல் சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ரயில் ஏறுகிற சரிவுகள். தட்டின் மேடுபள்ளங்கள், உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள புல்வெளிக் குன்றுகள். நீலகிரி ஒற்றைச் சிகரம் அல்ல, உச்சியில் அலையலையாகக் குன்றுகள் பரந்த பீடபூமி என்பதை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து விளக்க முயன்றிருக்கிறேன். ஒரு முட்டைத் தட்டு அதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டது என்பதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்கிறேன்.

உயரத்தைக் காட்ட, பழைய அட்டைகளை அடுக்கி ஒட்டும் முறையே சிறந்தது. ஓர் அடுக்குக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேட்டுப்பாளையத்துக்கு ஓர் அடுக்கு. சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூருக்கு ஆறு. 2,240 மீட்டரிலுள்ள உதகைக்கு ஏழரை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. கோத்தகிரியும் ஏறத்தாழ ஆறாவது அடுக்கில்தான் வரும். அங்கே ஒரு பழைய சட்டைப் பொத்தானை ஒட்டி, இதுதான் நம் ஊர் என்று அந்தக் குழந்தையிடம் காட்டுங்கள். அடுக்குகளை ஒரே அளவில் வெட்டாமல், மேலே போகப் போகச் சிறிதாக வெட்ட வேண்டும். ஓரங்கள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்து, விலகியிருக்கும் இடம் மென்சரிவு என்பதை விரலால் தடவிப் பார்க்கும் குழந்தை, பின்னாளில் வரைபடத்தின் சம உயரக் கோடுகளைக் கண்டு மிரளாது.

ஆனால், எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கிழிந்த குடைத் துணி. மலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. கம்பிகளை நீங்களே முன்னதாகக் கழற்றி அப்புறப்படுத்திவிடுங்கள். அவற்றின் முனைகள் கண்ணைக் குத்தும். செய்தித்தாள்களைக் கசக்கி உருண்டைகளாக்கி ஓர் அகலமான தட்டில் குவித்து, அதன்மேல் துணியைப் போர்த்தி, பள்ளமாக வேண்டிய இடங்களைக் குழந்தைகளையே அழுத்தச் சொல்லுங்கள். பிறகு, அடியில் ஆணியால் ஐந்தாறு துளையிட்ட கொட்டாங்கச்சியில் நீரை ஊற்றி, மழையாகப் பெய்யவிடுங்கள். முகட்டின் மேல் விழுந்த நீர் இரண்டாகப் பிரிவதையும், மடிப்புகளில் சிறு ஓடைகள் கூடுவதையும், கீழே ஒரு குளம் தேங்குவதையும் பார்த்தபின் பள்ளத்தாக்கு என்றால் என்ன என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்காது. உங்கள் பகுதியில் பெய்யும் மழை பவானி வழியாகக் காவிரிக்குப் போகிறது; கூடலூர்ப் பக்கத்து மழையில் ஒரு பகுதி பாண்டியாறு, சாலியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. ஒரே மாவட்டத்து மழை இரண்டு கடல்களில் சேர்கிறது என்பதைக் குழந்தைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

ஒரு சரிவில் பழைய பஞ்சையும் கோணித் துண்டையும் பரப்பி, மறுசரிவை வெறுமனே விட்டால், சோலையும் புல்வெளியும் மழைநீரை எப்படிப் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன என்பதும் தெரியும். மண்ணைச் சரியவிட்டு வேடிக்கை காட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளில் உற்றாரை இழந்த குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இருக்கக்கூடும்.

பொருள்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் உண்டு. "கழிவுப் பொருள் கொண்டு வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை ஐஸ் குச்சிகள் கேட்டபோது, பாதிப் பெற்றோர் கடையில் புதிய கட்டுகளை வாங்கி அனுப்பினார்கள். காய்கறிக் கடை அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், கிழிந்த கம்பளிச் சட்டை என்று வீட்டில் இருப்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தெர்மாகோல் உருண்டை உருண்டையாக உதிர்ந்து, பெருக்கினாலும் போகாது. காகிதக் கூழ் நல்லதுதான் என்றாலும், ஜூன், ஜூலைச் சாரலில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலடிக்கும் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிப் போடுங்கள். மைதாப் பசையைப் பெரியவர்களே காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு என்பதால் குழந்தைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. காடு வேண்டுமென்றால், வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவுங்கள். அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்து, பச்சை வண்ணம் ஏன் இல்லை என்று விருந்தினர் யாரேனும் கேட்டால், குழந்தைகளே விளக்கம் சொல்லட்டும்.

கண்காட்சி முடிந்ததும் அவற்றை அலமாரியின்மேல் ஏற்றிப் புழுதி படியவிட வேண்டாம். முட்டைத் தட்டையும் அட்டைகளையும் நனைத்துக் கிழித்து எருக்குழியில் போட்டுவிடலாம். பொத்தானை மட்டும் முன்னதாகப் பிரித்தெடுத்துவிடுங்கள். குடைத் துணியை அலசிக் காயவைத்தால், அடுத்த ஆண்டு வகுப்புக்கும் அது உதவும்.