பூட்டிக் கிடக்கும் பெக்டரியைப் படம் எடுப்பது: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் கைவிடப்பட்ட தேயிலை பெக்டரிகளையும் துரை (தோட்ட மேலாளர்) பங்களாக்களையும் கலைப்படமாக எடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதுளை தம்பி: அக்கா, உள்ளே நின்று எடுத்தால் ஜன்னல் வெள்ளையாகப் போகிறது. ஜன்னலுக்குச் சரிசெய்தால் உள்ளே ஒரே கறுப்பு.

பழைய பெக்டரியின் மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்குக் கட்டியவை. காற்று நன்றாக வர நீளத்துக்கு ஜன்னல் வைத்திருப்பார்கள், அதனால் இந்தச் சிக்கல் அங்கே வரத்தான் செய்யும். கமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று நிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் இரண்டு ஸ்டொப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்ச) இடைவெளியில் மாற்றி மூன்று அல்லது ஐந்து படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் நிழலை முழுக்க வெளிச்சமாக்கிவிடாதீர்கள், இருட்டு மூலை இருட்டாகவே இருந்தால்தான் அந்த இடத்தின் ஆழம் தெரியும். பொறுமை இருந்தால் மூடுபனி இறங்கும்வரை நில்லுங்கள். வெளியே பனி மூடியதும் வெளிச்சம் தணிந்து, பல நேரம் ஒரே படத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

பழைய பலகைத் தரையில் நடக்கலாமா?

ஆணி வரிசை ஓடும் கோட்டில் மட்டும் கால் வையுங்கள், அதற்கு அடியில்தான் உத்தரம் இருக்கும். கறுத்து ஊறிய பலகை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். குளவிக்கூட்டை முதலில் வெளியிலிருந்தே பாருங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

ஹட்டனிலிருந்து: இடிந்த லயங்களையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இந்தப் படத்தொடரில் சேர்க்கலாமா?

யாரும் இல்லாத லயம் என்றால் சேர்க்கலாம். ஆனால் தகரம் துருப்பிடித்து, சுவர் வெடித்திருப்பதைப் பார்த்து ஆள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்த காம்பராவில் ஒரு குடும்பம் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கும். அவர்கள் வீட்டை ‘அழகான சிதைவு’ என்று பிரேம் போட எனக்கு மனம் வராது. பெக்டரிக்கும் இதுதான். கீழே லயத்தில் இருக்கும் அம்மா அங்கே வேலை செய்திருப்பார், முதலில் அவரிடம் பேசுங்கள். எந்த மூலையில் இலை உருட்டும் ரோலர் ஓடியது, எங்கே இலையைப் புளிக்க வைத்தார்கள் என்று அவர் சொன்ன பிறகு நீங்கள் கமரா வைக்கும் இடமே மாறும். துருவையும் பாசியையும் மட்டும் எடுத்து வந்தால் அந்தப் படம் எந்த ஊருக்கும் பொருந்தும். கை பட்டுப் பட்டு வழுவழுப்பான படிக்கட்டுக் கைப்பிடியை எடுங்கள்.

அனுமதி யாரிடம் கேட்பது? இவை தொல்பொருள் சட்டத்தில் வராதா?

பல தோட்டங்களை 1992 முதல் கம்பெனிகள் நடத்துகின்றன, தோட்ட ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய சின்னங்களைத்தான் தானாகக் காக்கிறது. வணிகத்துக்கான தேயிலைத் தோட்டம் இங்கே வந்ததே 1867இல், கண்டிப் பக்கம் லூல்கந்துரையில். ஆகவே தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் 1925இல் கட்டிய பெக்டரி தேயிலை அருங்காட்சியகமாகப் பிழைத்தது, எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதனால் கலைப்படத்தோடு நான்கு பக்கமும் நேராக, ஆவணமாகவும் எடுத்து வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

பெப்ரவரி, மார்ச் எல்லாப் பக்கமும் பரவாயில்லை. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழை விடாது, அப்போது அப்புத்தளை, பண்டாரவளை போங்கள்.

இடத்தின் பெயரைப் படத்தோடு போடலாமா?

ஆள் காவல் இல்லாத கட்டடம் என்றால் போடாதீர்கள். பழைய இரும்புக்கும் தேக்குக்கும் ஆள் தேடி வருகிறார்கள்.