நாய்க்குட்டிக்கும் பண்டிகை டிரஸ்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

டிசம்பர் வந்தாலே தையல் கேள்விதான் நிறைய வரும், இந்த தடவை பாதிக்கு மேல ஆளுக்கு இல்ல, நாய்க்கு! கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல்னு வரிசையா வருதுல்ல, அதான். ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்து எழுதிருக்கேன்.

அக்கா, எங்க வீட்ல லாப்ரடார். கடையில ரெடிமேட் சாண்டா டிரஸ் வாங்கிட்டு வந்து போட்டா ஆடாம அசையாம சிலை மாதிரி நிக்குது, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குது. வீட்லயே ஈஸியா எதாவது தைக்க முடியுமா?
*வாசகி, மதுரை*

அடடா, அது போஸ் குடுக்கல மா, பயந்து போய் உறைஞ்சு நிக்குது. வால் உள்ள போறது, உதட்டை நக்கிட்டே இருக்கிறது, தூக்கம் வராதப்பவும் கொட்டாவி விடுறது, கண்ணோட வெள்ளை தெரியிற மாதிரி ஓரமா பாக்குறது, இதெல்லாம் "கழட்டு"ன்னு அது கேக்குற விதம். ரெடிமேட்ல முக்கால்வாசி பிரச்சனை என்னன்னா நாலு காலும் நுழையிற மாதிரி பேன்ட், தலையை மூடுற தொப்பி, கழுத்துல பஞ்சு பந்துன்னு எல்லாத்தையும் ஒரே டிரஸ்ல திணிச்சிருப்பாங்க. நாம முதுகுல மட்டும் கிடக்கிற மாதிரி ஒரு கேப், அதாவது சின்ன போர்வை மாதிரி, தைக்கலாம், போட்டிருக்கோம்னே அதுக்கு மறந்துடும்.

டேப் எடுத்து மூணு அளவு பாருங்க. கழுத்து பெல்ட் போடுற இடத்துல சுத்தளவு, முன்னங்கால் பின்னாடி நெஞ்சு அகலமா இருக்கிற இடத்துல சுத்தளவு, கழுத்து முடியிற இடத்துலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரை நீளம். அந்த நீளத்துல நாலு விரல் கம்மி பண்ணிக்கோங்க, இல்லன்னா உக்காரும்போது துணி அடியில மாட்டும். சிவப்பு காட்டன் பிளவுஸ் பிட்டை ரெண்டு பக்கமும் பாதி விலா வரை தொங்குற அளவுக்கு வெட்டி, ஓரத்துக்கு பழைய வெள்ளை டர்க்கி டவலை பட்டையா கிழிச்சு வச்சு அடிச்சா சாண்டா கோட்டு ரெடி. பஞ்சை ஃபெவிகால் போட்டு ஒட்டாதீங்க, பத்து நிமிஷத்துல பிச்சு தின்னுரும்.

கழுத்துக்கு ஒரு பட்டை, வயித்துக்கு ஒரு பட்டை, ரெண்டுலயும் வெல்க்ரோ. வெல்க்ரோல சொரசொரப்பா இருக்கிற பக்கம் எப்பவும் வெளிப்பக்கம் பாத்து இருக்கணும், முடி பக்கம் வந்துச்சுன்னா ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் முடியை பிடுங்கும், அப்புறம் அந்த டிரஸ்ஸை பாத்தாலே ஓடி ஒளியும். மாட்டினதுக்கு அப்புறம் பட்டைக்குள்ள உங்க ரெண்டு விரல் தாராளமா போகணும். ஊக்கு, டிச் பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேணாம். தொப்பியும் வேணாம், காதை மூடினா நிறைய நாய்க்கு பிடிக்காது.

முடிச்ச உடனே போட்டு போட்டோ எடுக்காதீங்க. முத நாள் துணியை கீழ போட்டு மோந்து பாக்க விட்டு ஒரு பிஸ்கட், அடுத்த நாள் முதுகுல சும்மா வச்சு ஒரு பிஸ்கட், அதுக்கு அப்புறம்தான் பட்டை. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சா அன்னைக்கு அதுவே வந்து முதுகை காட்டும். அப்பவும் உறைஞ்சு நின்னா, விட்டுருங்க மா, அதுக்கு டிரஸ் வேணாம்.

எங்க தெருவுல நாலஞ்சு நாட்டு நாய்ங்க இருக்கு, தெருவே சேர்ந்து சோறு போடுறோம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடுற மாதிரி இதுங்களுக்கும் போடலாம்னு பசங்க ஆசைப்படுறாங்க. பரவால்லயா அக்கா?
*வாசகர், திருச்சி*

தாராளமா போடலாம் தம்பி, இது புதுசும் இல்ல. நேபாளத்துல திகார் பண்டிகையோட ரெண்டாவது நாள் குகுர் திகார்னே நாய்க்கு ஒரு நாள் ஒதுக்கி வச்சிருக்காங்க, நம்ம தீபாவளி சமயத்துலதான் வரும். வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய்னு பாக்காம மாலை போட்டு, நெத்தியில திலகம் வச்சு நல்ல சாப்பாடு போடுவாங்க. நமக்கும் பைரவர் பக்கத்துல நிக்கிறது நாய்தானே.

ஆனா பூ விஷயத்துல கவனம். அரளி வேணவே வேணாம். சாமிக்கு போடுற மாலைல அரளி சகஜம், அதே மாலையை எடுத்து நாய் கழுத்துல போட்டா பெரிய ஆபத்து, அரளியோட இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தை பாதிக்கிற விஷம், மென்னா உயிரே போகலாம். செவ்வந்தியும் தின்னா வாந்தி, எச்சில் வழியிறதுன்னு வரும். துலுக்க சாமந்தி, ரோஜா இதழ், மல்லி போதும், நேபாளத்துலயும் துலுக்க சாமந்திதான். ரோஜாவுல முள் இல்லாம பாத்துக்கோங்க.

கட்டுறதுக்கு நைலான் நூல் வேணாம், வாழை நாருல கட்டுங்க. எங்கயாவது கேட்டுல, முள்வேலியில மாட்டினா நாரு அறுந்துரும், நைலான் அறுந்து போகாது, கழுத்தை இறுக்கும். நூலை முழுங்கினாலும் மோசம், குடலுக்குள்ள நீளமா போய் சுருக்கு போட்ட மாதிரி குடலையே சுருட்டிரும், ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால மாலை போட்டு, சோறு வச்சு, போட்டோ எடுத்து, கையோட கழட்டிருங்க. தினமும் சோறு வைக்கிறவங்க மட்டும் போடட்டும், பசங்க கழுத்துல கை வைக்கிறப்ப ஒரு பெரியவங்க பக்கத்துல நிக்கட்டும். உறுமினா அதுக்கு மாலை இல்ல, சோறு மட்டும்.

என்கிட்ட பக் இருக்கு. குளிர்காலம்தானேன்னு கம்பளி வச்சு ரெயின்டீர் டிரஸ் தைக்கலாம்னு இருக்கேன், கொம்பும் வச்சு.
*வாசகி, சென்னை*

சென்னை டிசம்பர் உங்களுக்குத்தான் குளிர் மா, பக்குக்கு இல்ல! நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல கொஞ்சமா வேர்க்கும், மத்தபடி நாக்கை தொங்க போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும். பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு ஜாதிக்கு அந்த மூச்சே கஷ்டம், அது மேல கம்பளியை போத்தினா எப்படி?

கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப் போதும். மெல்லிசு காட்டன் துணியை முக்கோணமா வெட்டி, நீளமான பக்கத்தை ரெண்டு இன்ச் மடிச்சு, பாவாடைக்கு நாடா கோக்க அடிக்கிற மாதிரி குழாயா அடிச்சுக்கோங்க, கழுத்து பெல்ட்டை அதுக்குள்ள நுழைச்சா முடிஞ்சது. முடிச்சு போட வேண்டியதில்ல, இறுகவும் இறுகாது. பக்குக்கு நீள பக்கம் ஒரு பன்னெண்டு பதிமூணு இன்ச் வந்தா போதும், ஆனா பெல்ட்டோட வச்சு பாத்துட்டு வெட்டுங்க. கொம்பு வேணும்னா ஃபெல்ட் துணியில சின்னதா வெட்டி அந்த ஸ்கார்ஃப் மேலயே தச்சுருங்க, தலைல வேணாம்.

கிறிஸ்துமஸ் மரத்துல தொங்க விட நாயோட பாதத்தை மைதா மாவுல அச்சு எடுக்கலாம்னு வீடியோ பாத்தோம். உப்பு நிறைய சேக்க சொல்றாங்க. என் பொண்ணு ஒரே பிடிவாதம்.
*வாசகி, நாகர்கோவில்*

அந்த உப்பு மாவு பாக்க அழகா வரும், காஞ்சா கல்லு மாதிரி நிக்கும், ஆனா நாய் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. ஒரு கப் மாவுக்கு அரை கப் உப்பு வரைக்கும் போடுவாங்க, மாவு வாசனைக்கு நாய் ஒரு கட்டியை முழுங்கிருச்சுன்னா உடம்புல உப்பு ஏறி வாந்தி, நடுக்கம், வலிப்புன்னு போகும். காஞ்சு மரத்துல தொங்கும்போது கூட ஆபத்துதான், எட்டி பறிச்சு தின்னுரும்.

உங்க பக்கம் மண்பாண்டம் செய்றவங்க கிடைப்பாங்களே, கொஞ்சம் களிமண் வாங்குங்க. சப்பாத்தி மாதிரி அரை இன்ச் கனத்துல தட்டி, பாதத்தை மெதுவா அமுக்கி எடுத்து, டம்ளர் வாயால வட்டமா வெட்டி, மேல ஸ்ட்ராவால ஓட்டை போட்டு நிழல்ல ரெண்டு மூணு நாள் காய விடுங்க. வெயில்ல வச்சா வெடிக்கும். அச்சு எடுத்த உடனே பாதத்தை விரல் இடுக்கு வரைக்கும் கழுவி துடைச்சிருங்க. இன்னும் ஈஸியா வேணும்னா பீட்ரூட் சாறை ஸ்பாஞ்சுல தொட்டு பாதத்துல ஒத்தி, கெட்டி பேப்பர்ல ஒரு அழுத்து. கலர் கொஞ்ச நாள்ல மங்கும், ஆனா நக்கினாலும் ஒண்ணும் ஆகாது, பொங்கல் வாழ்த்து அட்டைக்கு சூப்பரா இருக்கும்.

நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு, நகத்துக்கு நெயில் பாலிஷ், வாலுக்கு ஹேர் டை? ஃப்ரெண்ட் வீட்ல போடுறாங்க.
*வாசகி, கோயம்புத்தூர்*

மூணுமே வேணாம். பொட்டை முழுங்கும், பாலிஷை நக்கும், டை தோலை எரிக்கும். நெத்தியில ஒரு துளி சந்தனம் இழைச்சு வைங்க, கண்ணுக்கு தள்ளி, போதும்.

போன தீபாவளிக்கு எங்க சிப்பிப்பாறை கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளியவே வரல. இறுக்கமா டிரஸ் போட்டா பயம் போகும்னு சொல்றாங்களே, வீட்ல தைக்கலாமா?
*வாசகர், விருதுநகர்*

தைக்கவே வேணாம், பழைய டி-ஷர்ட் போதும். சிப்பிப்பாறை ஒல்லியா, நெஞ்சு மட்டும் ஆழமா இருக்கும், அதனால பத்து பன்னெண்டு வயசு பையனோட டி-ஷர்ட் பொருந்தும்னு நினைக்கிறேன், போட்டு பாருங்க. முன்னங்கால் ரெண்டும் கைல, தலை கழுத்துல, கீழ மிச்சம் தொங்குறதை முதுகு மேல இழுத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு கொண்டை மாதிரி சுருட்டிருங்க. ஆண் நாய்னா வயித்து பக்கம் நல்லா மேல ஏத்தி விடுங்க, இல்லன்னா ஒண்ணுக்கு போகும்போது பூரா நனைஞ்சுரும். இது சில நாய்க்கு கேக்கும், சிலதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, போட்டு அரை மணி நேரத்துல இன்னும் பதட்டமா இருந்தா கழட்டிருங்க.

அதை விட முக்கியம் நேரம். தமிழ்நாட்டுல தீபாவளி வெடிக்கு காலைல 6 லேர்ந்து 7, சாயங்காலம் 7 லேர்ந்து 8 னு நேரம் வச்சிருக்காங்க, யாரு அப்படியே கேக்குறாங்கன்றது வேற கதை, ஆனா அதுக்கு முன்னாடியே வாக்கிங் கூட்டிட்டு போய், சாப்பாடு குடுத்து, ஜன்னல் சாத்தி, டிவி சத்தமா வச்சுருங்க. கட்டிலுக்கு அடியில இருந்தா இருக்கட்டும், இழுக்காதீங்க, அங்கயே ஒரு பழைய போர்வையை போட்டு குடுங்க. ரொம்ப பயப்படுற நாய்க்கு மாத்திரை இருக்கு, பத்து நாள் முன்னாடியே கால்நடை டாக்டரை பாருங்க. பாலியஸ்டர் பட்டு டிரஸ் போட்டு விளக்கு, மத்தாப்பு பக்கம் மட்டும் விடாதீங்க, உருகி தோல்ல ஒட்டிக்கும்.

நாங்க எல்லாரும் பிளம் கேக் சாப்பிடும்போது எங்க ஜிம்மி பாத்துட்டே உக்காந்திருக்கும், மனசு கேக்கல. அதுக்கும் எதாவது செஞ்சு குடுக்கலாமா?
*வாசகி, புதுச்சேரி*

பிளம் கேக் ஒரு துண்டு கூட வேணாம் மா, காஞ்ச திராட்சை கிட்னியை கெடுக்கும், ரம் இருந்தா இன்னும் மோசம். சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான், சுகர் ஃப்ரீ இனிப்புல வர்ற சைலிட்டாலும் விஷம்தான்.

ஒரு கப் கோதுமை மாவு, வேக வச்சு மசிச்ச பரங்கிக்காய் அரை கப், ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, ஜாதிக்காய் எதுவும் இல்லாம பிசைஞ்சு, கால் இன்ச் கனத்துல தேச்சு, நட்சத்திரமா எலும்பு மாதிரியா எப்படி வேணா வெட்டி, 170 டிகிரில இருபத்தஞ்சு முப்பது நிமிஷம். ஓவன் இல்லன்னா தோசைக்கல்லுல சிறு தீயில திருப்பி திருப்பி போடலாம், கொஞ்சம் மெத்துனு இருக்கும். ஆறினதும் பழைய டவலை விரிச்சு இதை அங்கங்க வச்சு பாய் மாதிரி சுருட்டி குடுங்க, பிரிச்சு பிரிச்சு எடுத்து தின்னும், உங்க கேக்கை மறந்துரும். கோதுமை ஒத்துக்காத நாய்னா ஓட்ஸ் பொடி.

கொடைக்கானல்ல இருக்கோம், இங்க நிஜமாவே குளிரு. சின்ன குட்டிக்கு ஸ்வெட்டர் எப்படி?
*வாசகர், கொடைக்கானல்*

உங்களுக்கு கம்பளி ஓகே! பழைய ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு பக்கம் பட்டையோட வெட்டி எடுங்க, பட்டை குட்டியோட கழுத்து. அதுலேர்ந்து கொஞ்சம் தள்ளி ரெண்டு ஓட்டை, முன்னங்காலுக்கு. ஓட்டையோட ஓரத்தை கட்டாயம் சுத்தி தச்சிருங்க, இல்லன்னா நூல் பிரிஞ்சு நகத்துல மாட்டும், குட்டி அதையும் இழுத்து தின்னும். நனைஞ்சா உடனே கழட்டி துடைச்சிருங்க, ஈர கம்பளி இன்னும் குளிரும். குட்டி மாசத்துக்கு மாசம் வளரும், அதனால ஒண்ணு மட்டும் செய்ங்க.

கடைசியா ஒண்ணு அக்கா, பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரருக்கு எடுக்கிற சட்டை துணியிலயே நாய்க்கும் தைக்கணும்னு அவரே கேக்குறாரு!
*வாசகி, சேலம்*

குடுத்து வச்சவங்க மா! காட்டன் துணியா கூட முக்கால் மீட்டர் சேத்து எடுங்க, லாப்ரடார் சைஸ் வரைக்கும் கேப்புக்கும் ஸ்கார்ஃபுக்கும் வந்துரும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணில நனைச்சு காய வச்சிருங்க, சாயம் போகுதான்னும் தெரியும், சுருங்குறதும் சுருங்கிரும். அவர் சட்டையை டெய்லர் முத வெட்டட்டும், மிச்சத்துல நாய்க்கு. மாத்தி வெட்டினா அவர் சட்டை பாக்கெட்டுக்கு துணி பத்தாது.