டாம் ஹாலண்ட் பற்றி நீங்கள் கேட்டவை

பிரிட்டிஷ் நடிகர் டாம் ஹாலண்ட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த நடிகர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கே: அண்ணா, அவர் எடுத்ததுமே ஸ்பைடர்மேனாகத்தான் வந்தாரா?

இல்லை தம்பி. அதற்கு எட்டு வருடம் முன்பே லண்டன் விக்டோரியா பேலஸ் தியேட்டரில் ஆடிக்கொண்டிருந்தார். நாடகம் ‘பில்லி எலியட்’. 1984-இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்த காலத்தில், சுரங்கத் தொழிலாளியின் மகன் பில்லி பாலே நடனம் கற்க ஆசைப்படுவதுதான் கதை. 2008 ஜூனில் பில்லியின் நண்பன் மைக்கேலாக மேடையேறியபோது ஹாலண்டுக்கு 12 வயது. செப்டம்பரில் பில்லியே அவர்தான். விம்பிள்டனில் ஹிப்-ஹாப் வகுப்புக்குப் போன பையன், பாலேவெல்லாம் அப்புறம் கற்றதுதான்.

முதல் பாதி முடியும் இடத்தில் பில்லி ஆத்திரத்தோடு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. கேடயம் பிடித்து நிற்கும் போலீஸ் வரிசைமேல் ஓடி ஓடி மோதுவான், அடியில் தகடு பதித்த ஷூ தரையில் படபடக்கும். மூச்சு வாங்கினாலும் ‘கட்’ சொல்ல ஆள் கிடையாது. ஹாலண்டின் உடம்பு பழகியது அங்கேதான்.

கே: ஒரு சின்னப் பையன் தினமும் இப்படி ஆட முடியுமா?

ஆட விடமாட்டார்கள். குழந்தை நடிகர்களுக்கு அங்கே உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும், வேலை நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அதனால் பில்லி வேடத்தைச் சில சிறுவர்கள் மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

கே: ஸ்பைடர்மேனில் பல்டி அடிப்பது அவரா, டூப்பா?

இரண்டும் உண்டு. ஆனால் ஆடிஷனிலேயே பல்டி அடித்துக் காட்டியவர் அவர். 2016-இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில்தான் முதலில் அந்த வேடம் போட்டார். முகமூடிக்குள் இருக்கும்போதும் தோளும் கழுத்தும் பேசுவதைக் கவனியுங்கள்.

கே: நான் நாகப்பட்டினம். சுனாமி படத்தில் நடித்தவர் இவர்தானா?

ஆமாம் அக்கா, 2012-இல் வந்த ‘தி இம்பாசிபிள்’. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அடித்த அதே சுனாமி, தாய்லாந்தின் காவோ லாக்கில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தைச் சிதறடித்த உண்மைக் கதை. மூத்த மகன் லூகாஸாக ஹாலண்ட். நவோமி வாட்ஸ் அம்மா. அவர் உடம்பில் உள்ள காயத்தைப் பார்த்ததும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அழுகை, கத்தல் எதுவும் இல்லை. ஹாலண்ட் நடித்ததிலேயே எனக்குப் பெரியது அந்தக் கணம்தான். அலை வரும் காட்சிகள் மிகக் கடுமையானவை, உங்கள் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால் தயவுசெய்து தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

கே: தோல்வி எதுவும் இல்லையா?

2021-இல் வந்த ‘செர்ரி’ என்னைத் தொடவில்லை. போதைக்கு அடிமையான முன்னாள் ராணுவ வீரன் வேடம். உழைப்பு தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

கே: மேடையை விட்டுவிட்டாரா?

2010 மே மாதம் ‘பில்லி எலியட்’டிலிருந்து விலகியவர், 14 வருடம் கழித்து 2024-இல் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டருக்கு ரோமியோவாக வந்தார். இயக்கம் ஜேமி லாயிட். ஜூலியட்டாக பிரான்செஸ்கா அமெவுதா-ரிவர்ஸ். மேடையில் மாடமும் மாளிகையும் கிடையாது. மைக்கும் கேமராவும்தான். நடித்துக்கொண்டிருக்கும்போதே முகம் பெரிய திரையில் தெரியும். மேடைக்குக் குரலும் உடம்பும் வேண்டும், கேமராவுக்குக் கண் அசைவு போதும். அந்த இரண்டையும் ஒரே இரவில் கேட்ட நாடகம் அது.

கே: எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘தி இம்பாசிபிள்’. அப்புறம் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’.