மவ்லா என்னும் சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரான், இராக், சிரியா என்று எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘1400 ஆண்டுப் பகை’ என்ற வரி வந்துவிடுகிறது. ஒரே இறைவன், ஒரே நபி, ஒரே குர்ஆன். பிறகு எதற்காக சன்னி, ஷியா என்று பிரிந்தார்கள்? இத்தனை நூற்றாண்டுகளாகவா சண்டை போடுகிறார்கள்?

கா., வேலூர்

அன்புள்ள கா.,

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிளவு பழையதுதான். பகையை அவ்வப்போது யாரோ மூட்டியிருக்கிறார்கள்.

632இல் நபிகள் நாயகம் மதீனாவில் மறைந்தார். பெரியப்பா மகனும் மருமகனுமான அலி, நபியின் உடலை அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் பனூ ஸாயிதா குலத்தாரின் கூடத்தில் அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. நபியின் நெருங்கிய தோழர்களான அபூபக்ரும் உமரும் அங்கே விரைந்தார்கள். வாக்குவாதத்தின் முடிவில் அபூபக்ர் கலீஃபா, அதாவது நபிக்குப் பின் சமூகத்தின் தலைவர், ஆனார். அதை ஏற்றவர்களின் வழி வந்தவர்கள் சன்னிகள். அந்த இடம் அலிக்கே உரியது என்றவர்களின் வழி வந்தவர்கள் ஷியாக்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, இறுதி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்னுமிடத்தில் நபி அலியின் கையைப் பிடித்து, ‘நான் யாருக்கு மவ்லாவோ, அவருக்கு அலியும் மவ்லா’ என்றார். இரு தரப்பு நூல்களிலும் இது இருக்கிறது. மவ்லா என்றால் தலைவர் என்கிறார்கள் ஷியாக்கள். நேசர் என்கிறார்கள் சன்னிகள். அரபியில் இரண்டு பொருளும் உண்டு!

ஆனாலும் அன்று அது போராகவில்லை. அலி பின்னர் 656இல் நான்காம் கலீஃபாவானார். சன்னிகளும் அவரை நேர்வழி கலீஃபாக்கள் நால்வரில் ஒருவராகப் போற்றுகிறார்கள்.

ஆறாத புண் இராக்கின் கர்பலாவில் உண்டானது. 680, முஹர்ரம் 10. அன்றைய கலீஃபா யஸீதின் ஆட்சியை ஏற்க மறுத்த, நபியின் பேரரும் அலியின் மகனுமான ஹுஸைனை, குடும்பத்து ஆண்கள் உட்பட எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களோடு பாலைவெளியில் வளைத்துக் கொன்றார்கள். அருகிலேயே யூப்ரடீஸ் ஓடியது. தண்ணீர் எடுக்க விடவில்லை. குழந்தைகளின் தாகம் தீர்க்கத் தோற்பையோடு போன தம்பி அப்பாஸ், இரு கைகளும் வெட்டுண்டு விழுந்ததைச் சொல்லி ஷியாக்கள் இன்றும் அழுகிறார்கள். முஹர்ரம் நாட்களில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தத் தாகத்தின் நினைவாகத்தான். தொழுகையில் ஷியாக்கள் நெற்றி படும் இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மண்வில்லையை வைப்பார்கள். பெரும்பாலும் அது கர்பலா மண். சென்னையில் பஸ் நிறுத்தப் பெயராகவே பலரும் அறிந்த ஆயிரம் விளக்கு, ஷியாக்களின் மசூதி. முஹர்ரம் கூட்டங்களுக்காக அங்கே ஏற்றிய விளக்குகளால் வந்த பெயர் என்பார்கள்.

சண்டைகளுக்கு வருகிறேன். 1501இல் ஈரானின் சஃபவி மன்னர் ஷா இஸ்மாயில் ஷியா மார்க்கத்தை ஈரானின் அரசு மதமாக்கினார். 1514இல் சால்திரானில் துருக்கியை ஆண்ட சன்னி ஓட்டோமான்களுடன் போர். மதம் இரு பேரரசுகளின் எல்லைக்கோடானது அப்போதுதான். ஆனால் 1980 முதல் 1988 வரை ஈரானோடு போரிட்ட இராக் படையின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். பழைய பகை என்ற கதையை வைத்து இதை எப்படி விளக்குவது?

2003இல் அமெரிக்கா படையெடுத்தது, இராக்கில் அரசு சிதறியது. 2006 பிப்ரவரியில் சாமர்ராவில், ஷியாக்கள் நபி வழிவந்த தலைவர்களாகப் போற்றும் இமாம்களில் இருவர் அடங்கிய தர்காவின் தங்கக் குவிமாடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் பாக்தாதில், சேர்ந்து வாழ்ந்த தெருக்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர்கள் எழுந்தன. அடையாள அட்டையில், சன்னி என்று காட்டிக்கொடுக்கும் உமர் என்ற பெயர் இருந்ததற்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். பிழைப்பதற்காகப் பொய்ப் பெயரில் அட்டை வாங்கியவர்களும் உண்டு.

அலி தம் மகன்களில் ஒருவருக்கு உமர் என்றுதான் பெயர் வைத்திருந்தார்.