இரண்டு நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் ஏழெட்டுத் தடவை

கேள்வி: எனக்கு வயது 54. சினைப்பைப் புற்றுநோய்க்காக இரண்டரை மாதத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பை, சினைப்பைகளோடு மலக்குடலில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு இணைத்திருக்கிறார்கள். இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் வெளிக்கே போவதில்லை. பேதி மாத்திரை போட்டால் மறுநாள் ஏழெட்டுத் தடவை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வயிறும் உப்புகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயம். டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மலக்குடல் ஒரு பை மாதிரி. மலம் வந்து சேரச் சேர விரிந்து இடம் கொடுக்கும். நிறைந்த பிறகு மொத்தமாக வெளியே அனுப்பும். உங்களுக்கு அந்தப் பையில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சமிருப்பது கொஞ்சம் சேர்ந்தாலே அவசரப்படுத்தும். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி கூப்பிடும். மலக்குடலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு வரும் இந்தத் தொந்தரவுகளை மருத்துவர்கள் சுருக்கமாக லார்ஸ் (LARS) என்பார்கள். முதல் சில மாதங்கள்தான் ரொம்பப் படுத்தும். ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரைகூட மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். பழையபடி அப்படியே ஆகிவிடும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த இரண்டு நாள் மலச்சிக்கல் எதனால்? கீமோ போட்ட தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் குடலை மந்தமாக்கும். வலிக்கு ட்ரமடால் போட்டால் அதுவும் அப்படித்தான். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் என்றால் கேட்கவே வேண்டாம். மந்தமான குடலைப் பேதி மாத்திரை போட்டு விரட்டுகிறீர்கள். தேங்கியதெல்லாம் ஒரே காலையில் வந்தால் அந்தச் சின்னப் பை எப்படித் தாங்கும்? என் சந்தேகம் அந்தப் பேதி மாத்திரை மேல்தான். அதற்குப் பதில் லாக்டுலோஸ் மாதிரி மலத்தை இளக்கும் மருந்தைக் குறைந்த அளவில், வாந்தி மாத்திரை ஆரம்பிக்கும் அன்றே தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். யார் சொன்னாலும் எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை இரண்டும் நீங்களாக வேண்டாம். குடலை இணைத்து அதிக நாளாகவில்லை. கீமோவில் வெள்ளணுக்களும் குறையும், கிருமி எளிதில் தொற்றும். நார்ச்சத்துப் பொடிகூட, இணைத்த இடம் சுருங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான்.

இதுவரை சொன்னது மந்தமான குடலைப் பற்றி. அடைபட்ட குடல் வேறு விஷயம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே குடல் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம்; அதனால் வரும் அடைப்பு பல வருடம் கழித்தும் வரும். வலி அலை அலையாகச் சுருட்டிப் பிடிக்கும், வாந்தி வரும், வயிறு கல் மாதிரி வீங்கும், காற்றுகூடப் பிரியாது. அப்போது பேதி மருந்தைத் தொடவே கூடாது. எதுவும் சாப்பிடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால், காற்று பிரிகிறதே என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் உடனே போங்கள்.

இன்னொன்று. பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தால் குடலுக்கும் அதற்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். வெறும் வெள்ளைப்படுதல் என்று நினைத்து இதை மறைத்துவிடாதீர்கள்.

நோய் திரும்பிவிட்டதா என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் தொந்தரவுகளுக்கு ஆபரேஷனும் மாத்திரைகளுமே போதிய காரணம். ஆனால் மலம் நன்றாகப் போன பிறகும் உப்புசம் அடங்காமல், இடுப்பில் துணி இறுகிக்கொண்டே வந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் நீர் சேர்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

கூச்சத்துக்கு ஒரு வழி. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, எத்தனை தடவை, இளகலா கட்டியா, காற்று பிரிந்ததா, ரத்தம் உண்டா, அன்று போட்ட மாத்திரைகள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது டாக்டரின் மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிடுங்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அவரே கேட்பார்.